கடிதத்தைப் பிரிக்கவே பயப்படும் ஒருவருக்கு எப்படி உதவுவது?

வணக்கம் நண்பர்களே. போரிலிருந்து தப்பி அகதிகளாக வந்து குடியேறிய ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் 8 மாதமாகத் தன்னார்வலராக உதவி வருகிறேன். அந்த அப்பாவைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

அரசு அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக முடிச்சுப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். போன வாரம் எண்ணினேன், 17 கடிதங்கள். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் முகம் வெளிறிவிடுகிறது. இரவில் தூக்கமில்லை.

எல்லாம் போரின் வடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மனைவி இன்னும் வந்து சேரவில்லை, வேலை இல்லை, மொழி பிடிபடவில்லை. இந்த அன்றாட நெருக்கடிகளும் மனதை அதே அளவு அரிக்கின்றன என்று இப்போது தோன்றுகிறது. மில்லரும் ராஸ்முசனும் 2010-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இதைத்தான் வலியுறுத்துகிறது. நடந்ததைச் சொல்லும்படி நான் அவரை வற்புறுத்துவதில்லை.

மருத்துவரிடம் 12 வயது மகள்தான் மொழிபெயர்க்கிறாள். அப்பா பட்ட சித்திரவதையை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையில் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? உலக சுகாதார அமைப்பின் 'பிராப்ளம் மேனேஜ்மெண்ட் பிளஸ்' என்ற மன உளைச்சலைச் சமாளிக்க உதவும் முறை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே 5 அமர்வுகளில் நடத்தக்கூடியது, அதை யாராவது நடத்தியிருக்கிறீர்களா? முக்கியமாக, அந்தப் பையை அவர் மனம் நோகாமல் எப்படிப் பிரிப்பது? அதில் மனைவியின் விண்ணப்பம் பற்றிய கடிதமும், பதிலுக்கான கெடுவும் இருக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.