தாத்தாவின் பேன்டமுக்கு 17 அங்குலமா, 18ஆ, 19ஆ?

கேள்வி: சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

வணக்கம். தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய பி.எஸ்.ஏ. பேன்டம் டி1 மோட்டார்சைக்கிள் இப்போது என் கையில் இருக்கிறது. 123 சிசி, மூன்று கியர், பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத சட்டம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக லயத்து வீட்டின் பின்தாழ்வாரத்தில் கிடந்தது. எஞ்சினைப் பிரித்துக் கூட்டிவிட்டேன். இரண்டாவது உதையிலேயே பிடித்துக்கொள்கிறது.

சிக்கல் சக்கரத்தில்தான். இரண்டு ரிம்களும் துருவேறிவிட்டன. விரல் வைத்து அழுத்தினால் பொருக்குப் பொருக்காக உதிர்கின்றன. பின்சக்கரத்தில் ஏழு கம்பிகள் அறுந்திருக்கின்றன. பழைய டயரில் 2.75-19 என்று இருக்கிறது. ஊரில் எந்த மோட்டார் கடைக்குப் போனாலும் கப்சாய் எனும் சின்ன மோட்டார்சைக்கிளுக்குரிய 17 அங்குல டயர்தான் தொங்குகிறது. 17 போட்டுவிடச் சொல்கிறார்கள். போடலாமா?

தினமும் செம்பனைக்காட்டுச் செம்மண் சாலையில் எட்டுக் கிலோமீட்டர், பிறகு கோலகங்சார் போகும் பெரிய சாலை. காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. அம்மாவைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டி, அது ஓட வேண்டும்.

பதில்: கோப்பெங்

தம்பி, தாராளமாகப் போடுங்கள். 18 அங்குல வண்டி ஒன்றில் 17 மாட்டி நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இரவு எட்டு மணிக்குத் தோட்டச் சாலையில் பஞ்சரானால், பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) கடையிலேயே ட்யூப் கிடைக்கும். 80/90-17 போதும்.

பதில்: தைப்பிங், பட்டறை வைத்திருப்பவர்

கோப்பெங் அண்ணன் சொல்வதில் ட்யூப் விஷயம் முழு உண்மை. ஆனால் அவர் இறங்கியது ஓர் அங்குலம். தம்பி இறங்கப்போவது இரண்டு. ரிம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டயரோடு சேர்ந்த முழு விட்டத்தைப் பாருங்கள், வண்டி உருள்வது அதன்மேல்தான்.

2.75-19 டயரில் பக்க உயரமும் ஏறத்தாழ 2.75 அங்குலம். ஆகவே 19 உடன் இருமுறை 2.75 கூட்டினால் 24.5 அங்குலம், சுமார் 622 மி.மீ. 80/90-17 என்றால் அகலம் 80, பக்க உயரம் அதில் 90 விழுக்காடு, அதாவது 72 மி.மீ. 17 அங்குலம் 432 மி.மீ.; மொத்தம் 576. வித்தியாசம் 46 மி.மீ. வண்டி முழுவதும் 23 மி.மீ. தரையை நோக்கி இறங்கும்.

இறங்கினால் என்ன? முதலில் ஸ்டாண்டு. பழைய உயரத்துக்குச் செய்த நடு ஸ்டாண்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தவே தோள் வலிக்கும். கால்மிதி செம்மண் பள்ளங்களில் இடிக்கும். சக்கரத்திலிருந்து ஓடும் வேகமானி, உண்மையில் 60 போகும்போது 65 காட்டும். எஞ்சின் அதே வேகத்துக்கு எட்டு விழுக்காடு கூடுதலாகச் சுழலும். மேட்டில் இழுவை நன்றாக இருக்கும், பெரிய சாலையில் அந்தச் சின்ன எஞ்சின் கதறும். பின் பல்சக்கரத்தில் பற்களைக் குறைத்து அதைச் சரிசெய்யலாம்: 40 பல் இருந்தால் 37.

ஆனால் பல்சக்கரத்தால் சரியாகாத ஒன்று இருக்கிறது. ஹேண்டில் அச்சின் சாய்வைத் தரைவரை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். அந்த இடைவெளிதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. சக்கரம் இவ்வளவு சிறுத்தால் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும். சரளைக் கல்லில் முன்சக்கரம் அலைவதை உங்கள் கையே சொல்லும்.

18 வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன். பின்னால் வந்த டி7 பேன்டத்தில் பி.எஸ்.ஏ.யே 3.00-18 போட்டது. வெளிவிட்டம் 24 அங்குலம். அரை அங்குலம்தான் குறைவு. இந்தியாவின் ஸ்பிளெண்டர் மோட்டார்சைக்கிளுக்கு முன்பு வந்த 2.75-18 இன்னும் ஓர் அரை அங்குலம் சிறியது. எதை எடுத்தாலும் இரண்டு சக்கரத்திலும் ஒன்றாக மாற்றுங்கள். முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் சாய்வும் மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. 90/90-18 போட்டால் 619 மி.மீ. வருகிறதே, பழைய உயரத்துக்கு மூன்று மி.மீ.தான் குறைவு. அது சரிவருமா?

பதில்: தைப்பிங்

கணக்குச் சரி, அகலத்தை மறந்துவிட்டீர்கள். அது 90 மி.மீ.; உங்கள் சட்டம் 70 மி.மீ. டயருக்காகச் செய்தது. பக்கத்துக்குப் பத்து மி.மீ. கூடும். பழைய டயர் இன்னும் மாட்டியிருந்தால், செயின் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ரிம் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கை ஹப்போடு (சக்கரத்தின் நடுக்குடத்தோடு) பொருந்தினால் மட்டும் போதாது. துளையைச் சுற்றி அமுக்கியிருக்கும் குழி எந்தச் சாய்வில் இருக்கிறதோ, கம்பி நுனியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் அந்தச் சாய்வில்தான் உட்காரும். சின்ன ஹப்புக்குத் துளையிட்ட ரிம்மைப் பெரிய பிரேக் டிரம்முக்குப் பின்னினால் கம்பி நிப்பிள் வாயில் வளைந்து நிற்கும். சில மாதங்களில் அந்த இடத்திலேயே அறும். இப்படிப் பின்னிய சக்கரங்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன, பார்க்கவே வேதனையாக இருக்கும். கம்பியின் நீளமும் மாறும்: ரிம் ஓர் அங்குலம் சிறுத்தால் கம்பி அரை அங்குலம் குறைய வேண்டும். 2.75 டயருக்கு 1.60 அகல ரிம் கேளுங்கள். அளவு மாற்றுவதாக இருந்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை அட்டையை மடித்து மடித்துச் செருகிப் பார்த்தேன். செயின் பக்கம் 9 மி.மீ. மட்டுமே. 90 அகலம் உராயும். 3.00 போட்டால் ஆறு மிஞ்சும். செம்மண் சேறு அதற்குள் அடைத்துக்கொள்ளும். 19 அங்குலத்திலேயே இருந்துவிடுகிறேன். டயர் இரண்டு, ட்யூப் நான்கு வரவழைக்கிறேன். இரண்டு ட்யூப் வீட்டில், பஞ்சர் நாளுக்கு.

பதில்: கோப்பெங்

நல்ல முடிவு தம்பி. அந்த உபரி ட்யூபில் ஒன்றை வண்டியிலேயே கட்டி வையுங்கள்.

பதில்: தைப்பிங்

பழைய கம்பிகளை வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரிம் ஹப்பின் நடுவில் இருக்க வேண்டும் என்பதில்லை. டிரம் முகத்தின் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வைத்து, அதிலிருந்து ரிம் விளிம்புவரை இரண்டு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். பின்னலை நான்கு பக்கமும் படமெடுங்கள். வெட்டிய பிறகு அந்த அளவு எங்கும் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன் ஐயா. ரிம் துரு மாவாகக் கொட்டியதால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுத்தேன். எண்களைக் கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை கம்பிகளை வெட்டுகிறேன்.