ஹவாயி மொழி தொடக்க வகுப்பு: 90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பார்கள், தமிழ் நாக்கு எங்கே இடறும்?

கடல்நாரை:
ஹோனலூலு, ஹிலோ பக்கம் பெரியவர்களுக்கு மாலையில் நடக்கும் ஹவாயி மொழி வகுப்புகள் பற்றிய கேள்வி. வாரம் ஒரு நாள், 90 நிமிடம் என்றால் ஆசிரியர் அதை எப்படி ஓட்டுவார்? உச்சரிப்பு, இலக்கணம், இலை மாலை திரிக்கிற கைவேலை மூன்றும் ஒரே வகுப்பில் அடங்குமா? தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எது சுலபம், எது படுத்தும்?

எழுத்து முறை: தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலிக்கு (ஒக்கினா) ' குறி போட்டிருக்கிறேன். சொல்லின் நடுவில் க, ப வந்தால் இரட்டித்திருக்கிறேன்.

குற்றியலுகரம்:
இரட்டிப்பது வாசிக்க மட்டும்தான், அழுத்தி நிற்கக் கூடாது. 'காக்கொஉ' (நாம்) என்பதன் நடுவில் ஒரே ஒரு க. 'பக்கம்' என்பதில் வரும் வல்லோசை வேண்டும், அதன் நீட்டம் வேண்டாம்.

முதலில் நல்ல செய்தி. ஹவாயி மொழிக்கு ஐந்து உயிர், ஐந்துக்கும் குறில் நெடில் உண்டு. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று அப்படியே நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலக்காரர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. க, ப இரண்டையும் மூச்சுக் காற்று விடாமல் சொல்வதும் நமக்கு இயல்பு.

கெட்ட செய்தி உடம்படுமெய். இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நம் நாக்கு தானாக ய், வ் செருகும். கொ'உ (என்), கொஉ (உன்) இரண்டுமே 'கொவு' ஆகிவிட்டால் என் வீடு உன் வீடாகிவிடும். பயிற்சிக்குச் சரியான நால்வர்: பௌ (முடிந்தது), ப'உ (கரி), ப'ஊ (ஈரம்), பா'ஊ (ஹூலா ஆடும்போது உடுத்தும் பாவாடை). தினம் ஐந்து நிமிடம், ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். எழுதியது தவறானால் சொன்னவர் திருப்பிச் சொல்லட்டும்.

அடுத்தது கடைசி உகரம். 'கப்பு' (விலக்கு) என்ற சொல்லை நாம் குற்றியலுகரமாக விழுங்குவோம். அங்கே எல்லா உகரமும் முற்றியலுகரம். இதழ் குவிய வேண்டும்.

நாம் எழுதும் 'அலோஹா'விலும் இரண்டு பிழை. ஈற்றயல் அசையில் அழுத்தம் விழுவதால் நெடில் போலக் கேட்கிறது. உண்மையில் அலொஹ, எல்லாம் குறில்.

மூன்றாம்பிறை:
இலக்கணத்தில் ஆங்கிலம் வழியாகப் போகவே வேண்டாம். காக்கொஉ என்றால் நாம், மாக்கொஉ என்றால் நாங்கள், அவ்வளவுதான். கூடுதலாக இருமை உண்டு: நாம் இருவர் காஉஅ, நாங்கள் இருவர் மாஉஅ. ஒருவரை வாழ்த்தும்போது 'அலொஹ காஉஅ', கூட்டத்தை வாழ்த்தும்போது 'அலொஹ காக்கொஉ'. ஒற்றை ஆளிடம் போய்க் காக்கொஉ சொல்வதுதான் வழக்கமான தப்பு.

படுத்துவது உடைமை. 'என்' என்பதற்கே இரண்டு வடிவம். பெற்றோர், உடன்பிறந்தார், உடலுறுப்பு, வீடு, நிலம், வண்டி, உடை, பெயர் எல்லாம் கொ'உ. கணவன் மனைவி, பிள்ளைகள், சாப்பாடு, புத்தகம், கருவி, தானே செய்தது எல்லாம் க'உ. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். ஒரே சொல்லை இரண்டிலும் போட்டுக் காட்ட வேண்டும். கொ'உ மெலெ என்றால் என்னைப் புகழ்ந்து பாடிய பாட்டு, க'உ மெலெ என்றால் நான் கட்டிய பாட்டு. கழுத்தில் கிடக்கும் மாலை கொ'உ லெய், விற்க வைத்திருப்பது க'உ லெய். இந்த இரண்டும் பதிந்தால் மீதி தானே பிடிபடும்.

புரிமுறுக்கு:
90 நிமிடத்தில் எல்லாம் அடங்கும், கைவேலையையே மொழிப்பாடமாக்கினால். 10 நிமிடம் 'ஒலி' (ஹவாயி மொழியில் ஓதல் என்று பொருள், நம் 'ஓசை' அல்ல), 15 உச்சரிப்பு, 25 இலக்கணம், மீதி 40 கைவேலை. ஓதும்போது ஒரு தொடர் ஒரு மூச்சு. சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினால் அந்தத் தொடரை மறுபடி தொடங்க வேண்டும்.

தொடக்கக்காரருக்கு லா'ஈ, அதாவது டீ இலை மாலைதான் சரி. (தேயிலை அல்ல, வேறு செடி.) ஒருவருக்கு 10 முதல் 15 முற்றிய பச்சை இலை. துடைத்து, பின்புறமிருந்து நடுநரம்பைக் கீறி உருவி, முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்து விட வேண்டும். வகுப்புக்கு முன் எடுத்து, உருகிய ஈரத்தை ஒற்றி எடுங்கள். உறையவைக்காத இலை முறுக்கும்போது கிழியும். மறந்துவிட்டால் துணி மேலே போட்டு மிதமான இஸ்திரி.

இரண்டு கீற்றை முடிச்சுப் போட்டுக் கால் கட்டைவிரலில் மாட்டுங்கள். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை இடப்பக்கமாகப் போடுங்கள். கயிறு திரிக்கிற அதே விதி. இரண்டு அசைவும் ஒரே பக்கமானால் கையை விட்டதும் பிரிந்துவிடும். ஒரு புரி மெலியத் தொடங்கும்போதே புது இலையைச் செருக வேண்டும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டால் அங்கே அறும்.

இந்த முறைக்குப் பெயரே 'ஹிலொ', முறுக்குவது. 'எ லவெ மை இ க லா'ஈ' (இலையைக் கொண்டு வா) போல ஆறேழு கட்டளை போதும், அந்த 40 நிமிடமும் வேறு மொழி தேவைப்படாது. கருவுற்றவருக்குக் கொடுப்பதானால் நுனிகளை முடியாமல் திறந்தே விடுவது வழக்கம்.

கடல்நாரை:
நன்றிங்க. பழைய ஹவாயி செய்தித்தாள்களை வாசிப்புப் பாடமாக வைக்கலாமா?

குற்றியலுகரம்:
முதல் வருடம் வேண்டாம். 1834 முதல் 1948 வரை வந்த இதழ்களில் ஒக்கினாவும், நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் போடும் கோடும் பெரும்பாலும் இருக்காது. கஉ என்று அச்சானது காஉ (உனது), க'உ (எனது), க'ஊ (ஹவாய்த் தீவின் தென்பகுதி) எதுவாகவும் இருக்கலாம். புள்ளியும் எ, ஏ பிரிப்பும் இல்லாத நம் ஓலைச்சுவடியைப் படிப்பது போலத்தான்.

அதற்குப் பதில் காது. 1896 சட்டத்தால் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழியானது. முழு ஹவாயி வழிக் கல்வி அரசுப் பள்ளிக்குத் திரும்பியது 1987இல்தான். இடைவெளியில் வீட்டிலேயே மொழி கற்ற முதியவர்களின் பேச்சு, ஹவாயி மொழி ஆசிரியர் லாரி கிமுரா 1972இல் தொடங்கிய 'க லெஒ ஹவாயி' வானொலிப் பதிவுகளில் இருக்கிறது. ஒரு நிமிடத் துண்டு எடுத்து மூன்று முறை ஓட்டுங்கள்: முதலில் கேட்க, அடுத்து ஒக்கினா வரும் இடத்தில் கைதட்ட, பிறகு எழுத. நி'இஹவ் தீவுக்காரர் பேச்சென்றால் பல இடத்தில் க-வுக்குப் பதில் ட போன்ற ஒலி வரும். அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

வகுப்புத் தாளைத் தட்டச்சு செய்யும்போது ஹவாயி விசைப்பலகையையே போடுங்கள். சாதாரண மேற்கோள் குறியும் ஒக்கினாவும் யூனிகோடில் வேறு வேறு. மாற்றிப் போட்டால் அகராதித் தேடலில் சொல் சிக்காமல் போகலாம்.