என்எல்ஆர் 6 வந்தா இம்யூனோதெரபி வேஸ்ட்டா?

கயல்_திருச்சி:
அப்பாவுக்கு 64 வயசு, நுரையீரல் கேன்சர் நாலாவது ஸ்டேஜ், கட்டி செல்லுல பிடி-எல்1ங்கற புரதம் 60 சதவீதம், பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல திருப்பற மருந்து) போடலாம்னு டாக்டர் சொல்லிருக்கார். நேத்து சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்ட பாத்து நானே கணக்கு போட்டேன், வெள்ளணுக்கள்ல நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்ஃபோசைட் 13, ரெண்டையும் வகுத்தா வர்ற என்எல்ஆர் 6க்கு மேல, செல் சேதத்த காட்டற எல்டிஹெச்சும் அதிகம். சொந்தக்காரர் ஒருத்தர் இந்த நம்பருக்கு அந்த மருந்து கேக்காது, நிலத்த வித்து காச கரியாக்காதன்னுட்டார். ராத்திரி பூரா தூக்கமில்ல. யாராவது சொல்லுங்களேன்.

செந்தில்கே:
சகோதரி, அவர் சொன்ன விதம் தப்பு, ஆனா விஷயம் இல்லாம இல்ல. 2018ல பிரான்ஸ்ல கஸ்டாவ் ரூசி கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டர்கள் லிப்பின்னு ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க. நியூட்ரோஃபில மத்த வெள்ளணுக்களால வகுத்து 3க்கு மேல வந்தா ஒரு பாயின்ட், எல்டிஹெச் நார்மல தாண்டினா ஒரு பாயின்ட். இம்யூனோதெரபி எடுத்த முதல் குரூப்ல 161 பேர், பூஜ்யம் வாங்கினவங்கள்ல பாதிப் பேர் தாண்டின ஆயுசு (மீடியன்) 34 மாசம், ஒண்ணுக்கு 10, ரெண்டுக்கு வெறும் 3. எங்கம்மாவுக்கு நகைய வித்து ரெண்டு டோஸ் போட்டோம், மூணாவதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. சில நூறு ரூபா டெஸ்ட்ட வெச்சு அன்னிக்கே யாராவது உக்காத்தி வெச்சு பேசியிருந்தா அந்தக் கடைசி நாளெல்லாம் ஆஸ்பத்திரில போயிருக்காது.

நிலா_ரெசிடென்ட்:
அண்ணே, அம்மா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கு. ஆனா அந்த ஸ்கோர வெச்சு மருந்து வேணாம்னு முடிவெடுக்கறத என்னால ஒத்துக்க முடியாது. அந்த ஆய்வுல கீமோ மட்டும் எடுத்த 162 பேர்கிட்ட ஸ்கோர் வித்தியாசம் காட்டல, அதனாலதான் இது இம்யூனோதெரபிக்கே உரிய நம்பர்னு எல்லாரும் நம்பினாங்க. ஆனா 2019ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆளுங்க 11 ட்ரயல் டேட்டாவ சேத்து கிட்டத்தட்ட 4000 பேர பாத்தப்ப கீமோ, டார்கெட்டட் மாத்திரை, இம்யூனோதெரபி எது எடுத்தவங்களா இருந்தாலும் ஸ்கோர் மோசமா இருந்தா ஆயுசு குறைவாத்தான் வந்துச்சு. கிணத்துல தண்ணி எவ்ளோ இருக்குன்னு இது சொல்லும், எந்த மோட்டார் வாங்கணும்னு சொல்லாது. பெம்ப்ரோவ விட்டுட்டு கீமோக்குப் போனா மட்டும் அந்த 6 என்ன பண்ணும்? கயல் அக்கா, பிடி-எல்1 50க்கு மேல இருக்கறவங்கள வெச்சு நடந்த கீநோட்-024ங்கற ட்ரயல்ல அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க பெம்ப்ரோ பக்கம் 31.9 சதவீதம், கீமோ பக்கம் 16.3. உங்கப்பாவுக்கு முக்கியமான நம்பர் அந்த 60தான்.

செந்தில்கே:
ட்ரயல்ல சேர்றவங்க நல்லா நடமாடறவங்கம்மா. எங்கம்மா படுத்த படுக்கை. அந்த 31.9ல எங்க வீட்டு ஆளுக்கு இடம் இருக்கான்னுதான் நான் கேக்கறேன். இந்த நம்பர் கூடினா உடம்புல அழற்சி (இன்ஃப்ளமேஷன்) அதிகம்னு அர்த்தம், அப்ப நியூட்ரோஃபில் கேன்சர தாக்கற டி செல்ல அமுக்குதுன்னு நீங்க படிச்சிருப்பீங்கல்ல, அந்த டி செல்ல அவுத்து விடறதுதானே இந்த மருந்தோட வேலையே?

நிலா_ரெசிடென்ட்:
படிச்சிருக்கேன், கேக்க சரியாத்தான் இருக்கும். அதே லாஜிக்ல அழற்சிய குறைச்சா மருந்து நல்லா வேலை செய்யணும்ல? 2017ல கான்டோஸ்னு இதய நோயாளிங்க ட்ரயல், அழற்சிய குறைக்கற கனாகினுமாப் எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவா வந்துச்சு, எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை. அப்புறம் கனோபி-1ங்கற நுரையீரல் கேன்சர் ட்ரயல்ல அதையே பெம்ப்ரோ, கீமோ கூட சேத்து குடுத்தாங்க, ஆயுசும் கூடல, நோய் கட்டுக்குள்ள இருந்த காலமும் கூடல. மோசமான முடிவோட அந்த நம்பரும் சேந்து வர்றதால அதுதான் காரணம்னு ஆயிடாது. ஆனா படுத்த படுக்கையா இருக்கறவங்க குடும்பத்துக்கிட்ட உண்மைய மறைக்கக் கூடாதுங்கறதுல நான் உங்க பக்கம்தான்ணே.

பழைய_லேப்காரன்:
22 வருஷம் லேப்ல இருந்தவன், ஒண்ணு சொல்றேன். ரத்தம் எடுக்கறப்போ அப்பா டெக்ஸா மாதிரி ஸ்டீராய்டு எடுத்துட்டிருந்தாரா பாரும்மா. ஸ்டீராய்டு போனா நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும், ரேஷியோ தானா எகிறும். நெஞ்சு சளி, நிமோனியா இருந்தாலும் இதே கதைதான். ஊசி சரியா ஏறாம இழுத்து எடுத்தா செவ்வணு உடைஞ்சு எல்டிஹெச்சும் பொய்யா கூடும். ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு ஒரு மனுஷனுக்கு தேதி குறிக்காதீங்க.

கயல்_திருச்சி:
ஐயா இப்பதான் மருந்து பைய எடுத்துப் பாத்தேன். மூளைல சின்னதா ஒரு இடத்துக்கு ரேடியேஷன் குடுத்தப்ப வீக்கத்துக்கு டெக்ஸா மாத்திரை குடுத்தாங்க, ரத்தம் எடுத்தது அதுக்கு அஞ்சாம் நாள். இத யாருமே என்கிட்ட சொல்லல.

நிலா_ரெசிடென்ட்:
அக்கா மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, ஆபத்து. இம்யூனோதெரபி ஆரம்பிக்கறப்போ ஸ்டீராய்டு எவ்ளோ போகுதுங்கறதே ஒரு பெரிய கேள்வி, அத டாக்டர்கிட்ட நேரா கேளுங்க.

செந்தில்கே:
டெக்ஸா விஷயம் எனக்குத் தோணல, அம்மாவுக்கும் குடுத்துட்டிருந்தாங்க. சரி, குறைச்சப்புறம் திரும்ப பாருங்க. அப்பவும் 6லயே நின்னா எத்தன மாசம்னு வெளிப்படையா கேளு சகோதரி, நான் கேக்காம விட்டது அதுதான்.

கயல்_திருச்சி:
திங்கக்கிழம அப்பாயின்ட்மென்ட். ரெண்டையும் எழுதி வெச்சுட்டேன்ணா.