கார்ப்பெட் வீட்டுக்கு டைசனா, செபோவா?

வணக்கம். லண்டனில் இருக்கிறோம், வீடு முழுக்க கார்ப்பெட், மகனுக்கு ஆஸ்துமா. நின்றபடியே தள்ளும் அப்ரைட் வாக்குவம் கிளீனர் ஒன்று வைத்திருந்தோம், நாலே வருஷத்தில் போன வாரம் நின்றுவிட்டது, கம்பெனியில் கேட்டால் அந்த மாடலுக்கு இப்போது பாகமே வருவதில்லை என்கிறார்கள். மனசே விட்டுப்போனது. இந்த முறை காசு கூடப் போனாலும் பத்து வருஷமாவது உழைக்கிறதை வாங்க வேண்டும்.

டைசன் 1993-இல் தூசிப் பையே இல்லாத டிசி01 என்ற மாடலைக் கொண்டுவந்த கம்பெனி, பை வாங்கும் செலவே இல்லை, ஆனால் குடுவையைக் கொட்டும்போது தூசி பறக்குமே, அதுதான் பயம். ஜெர்மனியின் செபோவில் பை நிறைந்ததும் வாயை மூடி அப்படியே குப்பையில் போட்டுவிடலாம். மீலேவுக்கும் நல்ல பேர், ஆனால் அவர்களிடம் அதிகம் இருப்பது பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வகை.

செபோவை ஐந்தாறு வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெல்ட், பிரஷ் ரோலரை நாமே மாற்ற முடிகிறதா, பாகங்கள் சுலபமாகக் கிடைக்கிறதா? அப்புறம், மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏற ரொம்பக் கனமா? வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் எது சரிப்பட்டது என்று கட்டாயம் சொல்லுங்கள், இந்த வாரக் கடைசியில் வாங்கியாக வேண்டும்.