பள்ளியில் மீதம் வைக்காமல் உண்ணும் பிள்ளை வீட்டில் ஏன் மறுக்கிறான்?

மன்னார்குடி வாசகி (கேள்வி):
என் மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். காலை உணவுத் திட்டத்தில் தரும் பொங்கலையும் காய்கறிச் சாம்பாரையும் அவன் மீதம் வைப்பதே இல்லை என்று ஆசிரியை கூறுகிறார். வீட்டிலோ, இரவில் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கீரையைக் கண்டால் எழுந்தே போய்விடுகிறான். மாமியார் கைப்பேசியில் படம் காட்டி ஊட்டிவிடுகிறார். அவர் மனம் நோகாமல் இதை மாற்ற வழி உண்டா?

திருவாரூர் ஆசிரியை:
அம்மா, 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டதிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒரே உணவை, பசியோடு உட்கார்ந்து, தம் கையாலேயே எடுத்து உண்கிறார்கள். 'இது வேண்டாமா, வேறு தரட்டுமா' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மாலையில் அவன் என்ன உண்கிறான் என்பதை நீங்கள் எழுதவில்லை. நான்கரைக்குப் பாலும் பிஸ்கட்டும், ஆறு மணிக்குப் பெட்டிக்கடைப் பொட்டலமும் உள்ளே போனால், எட்டு மணிக்குப் பசி எங்கிருந்து வரும்? பள்ளி விட்டு வந்ததும் சுண்டலோ பூவன் பழமோ கடலை உருண்டையோ கொடுத்துவிட்டு, அதன்பின் இரவு உணவு வரை தண்ணீர் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கும்பகோணத்துப் பாட்டி:
மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, அவரையே பேரனுக்கு எதிரில் உட்கார்ந்து கதை சொல்லியபடி சாப்பிடச் சொன்னால் போதும். கீரைக்கு என் வழி, முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கி அடை மாவில் கலந்துவிடுவது. ஒரு வாயாவது கட்டாயம் உண்ண வைக்க வேண்டும்.

தஞ்சாவூர் செவிலியர்:
அடை நல்லதே, ஆனால், பாட்டியம்மா, கட்டாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. எதை, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிற்றுக்கே விட்டுவிட வேண்டும். புதிய சுவை ஒன்றைப் பத்து முறைக்கு மேல் தட்டில் கண்ட பிறகே ஏற்கும் பிள்ளைகள் உண்டு என்பதால், கீரையை அடைக்குள் ஒளித்தால் மட்டும் போதாது, மசியலாகவும் ஒரு கரண்டி கண்ணில் பட வேண்டும். 'கீரை சாப்பிட்டால் சிப்ஸ்' என்ற பேரம் சிப்ஸைத்தான் உயர்த்திக் காட்டும். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் காபி கொடுக்கும் வீடுகள் பல. சாப்பாட்டையொட்டிக் குடிக்கும் காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாறாக, எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதற்குத் துணை செய்யும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். எடை கூடாமலோ சோர்வாகவோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

மன்னார்குடி வாசகி:
பிஸ்கட், பொட்டலம் இரண்டும் உண்மைதான். அவற்றை நிறுத்திய பிறகும் உண்ணாமல் எழுந்தால், பட்டினியாகவா படுக்க விடுவது?

தஞ்சாவூர் செவிலியர்:
தேவையில்லை. அவன் விரும்பும் தயிர்சாதத்தைக் கீரையோடு சேர்த்து முதலிலேயே தட்டில் வைத்துவிடுங்கள். அதை மட்டும் உண்டு எழுந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். எழுந்த பிறகு தனியாக வேறொன்று சமைத்துத் தர வேண்டாம்.