ஜி.பி.எஸ். பாசிட்டிவாம், ஆனால் மருந்து தரவில்லை

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட், மலேசியா:
எனக்கு 36 வாரம், இரண்டாவது பிள்ளை. தனியார் கிளினிக்கில் பஞ்சுக்குச்சியால் கீழேயும் ஆசனவாயிலும் துடைத்து எடுத்தார்கள். குரூப் பி ஸ்ட்ரெப் (ஜி.பி.எஸ்.) கிருமி இருக்கிறதாம். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மாத்திரை கேட்டால், "வலி வந்ததும் ஊசி" என்கிறார் டாக்டர். மாமியார் கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து வைத்துக் கழுவச் சொல்கிறார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து ஒட்டியது இது?

பழைய மிஸ்ஸி (முன்னாள் நர்ஸ்):
எங்கிருந்தும் ஒட்டவில்லை, தங்கச்சி. குடலில் குடியிருக்கிற கிருமி. நான்கைந்து பெண்களில் ஒருவருக்கு இருக்கும், வரும், போகும். அவரைச் சந்தேகப்படாதே, இது அந்த மாதிரி நோய் இல்லை.

மாத்திரை இப்போது தின்றால் அடங்கும், பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும். பிள்ளை இறங்கும் நேரத்தில்தான் கிருமி அதற்குத் தொற்றும், அப்போது மருந்து உன் உடம்பில் இருக்க வேண்டும். அதனால் பென்சிலினை நரம்பில் ஏற்றுவார்கள். பிறப்பதற்கு 4 மணி நேரம் முன்பாவது முதல் ஊசி போட்டிருந்தால் நல்லது. தோட்டத்து ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டாவது பிள்ளை சீக்கிரம் வந்துவிடும். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதே. தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு என்றெல்லாம் இழுக்காதே, கிளம்பு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதென்றால் இப்போதே சொல்லிவை.

மஞ்சளை மாமியார் குழம்பில் போடட்டும்.

ரெண்டு பிள்ளைக்காரி:
எனக்குச் சிறுநீரிலேயே இந்தக் கிருமி தெரிந்தது. மாத்திரையும் கொடுத்தார்கள், பிரசவத்தில் ஊசியும் போட்டார்கள். வார்டில் யாரும் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை! கைப்பேசியில் போட்டோ இருந்ததோ, பிழைத்தேன். பிங்க் புத்தகத்தின் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) முதல் பக்கத்திலேயே ரிப்போர்ட்டைப் பின் அடித்து வையுங்கள்.

செம்பனைக்காரி:
அக்கா, ஆப்பரேஷன் என்றால்? ஊசி போட நேரமில்லாமல் பிறந்துவிட்டால்?

பழைய மிஸ்ஸி:
வலியும் வராமல், பனிக்குடமும் உடையாமல் நாள் குறித்துச் செய்கிற ஆப்பரேஷன் என்றால், இந்தக் கிருமிக்கென்று ஊசி வேண்டாம். நேரமில்லாமல் பிறந்துவிட்டால் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். ஊசியே போடாவிட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத்தான் நோய் வரும். ஆனால் வந்தால் வேகமாக வரும், பெரும்பாலும் முதல் நாளிலேயே. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், முனகினால், மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடு.

செம்பனைக்காரி:
சரி அக்கா. ராத்திரி வலி வந்தால் ஈப்போ போக மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) அண்ணனிடம் காரைக் கேட்டு வைத்தாச்சு. வீட்டுக்காரரிடமும் இதைப் படித்துக் காட்டினேன். மஞ்சள் கிண்ணம் மட்டும் இன்னும் குளியலறையிலேயே இருக்கிறது.