ரிட்டயர் ஆனபின் ஐரோப்பாவில் நீண்ட நாள் தங்கியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

வியன்னாவில் வீடு எடுத்துத் தங்கியிருந்தோம், நானும் என் கணவரும். அரண்மனை, மியூசியமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். ஒருநாள் 71ஆம் நம்பர் டிராம் பிடித்து சென்ட்ரல் ஃபிரீட்ஹோஃப் போனோம். 1874இல் திறந்த கல்லறைத் தோட்டம். உள்ளேயே பஸ் ஓடும், அவ்வளவு பெரியது. இசைமேதைகள் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரின் கல்லறையும் அக்கம்பக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத பாதையில் நடந்துகொண்டிருந்தோம்.

குழாயடியில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியிருக்கும். பூவாளியில் தண்ணீர் பிடித்துவிட்டுத் தூக்க முடியாமல் நின்றார். இவர் போய் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கூடவே நடந்தோம். கல்லில் மனைவியின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே இன்னொரு பெயர். அதற்குப் பிறந்த வருடம் மட்டும் வெட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெறும் கல். பெரியவர் அந்தப் பெயரில் விரலை வைத்தார், பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். சிரித்த முகமாகத்தான் காட்டினார்.

டிராமில் திரும்பும்போது இவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஷோன்புருன் அரண்மனைக்குப் போவதாக இருந்தது. "அங்கேயே இன்னொரு தடவை போகலாமா" என்றார். போனோம். பெரியவர் இல்லை. இவரே தண்ணீர் பிடித்துவந்து அந்தச் செடிகளுக்கு ஊற்றினார். ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பதா வேண்டாமா என்று புரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

* * *

மேடம், கேட்காதீர்கள். அவரே ஒருநாள் சொல்வார்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் வேறு கட்சி. ஒரே ஊரில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் "மெதுவாகப் பார்க்கலாம், இடம் எங்கே ஓடிவிடப் போகிறது" என்பார்கள். ஓடித்தான் போகிறது. பெர்னினா மலை ரயிலில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் வரை ஏறும் பாதை, 1910இலேயே போட்டு முடித்தது. உச்சியைத் தாண்டி இறங்கினால் ஆல்ப் கிரும் ஸ்டேஷன், எதிரே பாலூ பனியாறு. ரயில் கொஞ்ச நேரம் நின்றது, எல்லாரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் என் மனைவியின் கையைப் பிடித்து உயர்த்தி, மலைமேல் பனி எங்கே இருக்கிறது என்று காட்டினார். பிறகு அவள் கையை விடாமல் கீழே, இன்னும் கீழே கொண்டுவந்து, வெறும் பாறையாக இருந்த சரிவில் நிறுத்தி, "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே" என்றார். அவ்வளவுதான், விசில் ஊதிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எந்த ஊரிலும் எங்களுக்கு உட்கார மனம் வரவில்லை. கால் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

* * *

எங்களுக்கு இத்தாலியில பொலோன்யா. சான் லூகா கோயிலுக்குப் போகிற மண்டபப் பாதை, 666 வளைவு, நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெலொன்செல்லோ வளைவு வரைக்கும் சமதரை, அதுக்கப்புறம் ஏற்றம். இவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துட்டார். திரும்பிடலாம்னு சொன்னேன். "நீ போய்ட்டு வா"ன்னார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இல்லாம நான் ஒரு கோயில் படி ஏறினதில்லை. ஏறினேன். பாதி வழியில அழுகை வந்துது, எதுக்குன்னே தெரியல. மேலே போய் போன் பண்ணினேன். "எப்படி இருக்கு?"ன்னு ஆசையாக் கேட்டார். எனக்குப் பேச்சே வரல. அந்த மலையிலிருந்து ஊரே தெரியும், ஆனா நான் எதையும் பார்க்கல.

* * *

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவரைத் தெரியாத ஊரில் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது. ஊர் நடுவில் இருக்கும் பியாஸ்ஸா மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து சான் லூகாவுக்குக் குட்டி ரயில் மாதிரி ஒரு வண்டி போகிறது, இருவருமே போயிருக்கலாம்.

என் கதை சின்னதுதான். லிஸ்பனில் மனைவியின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. பச்சை சிலுவை போட்ட மருந்துக்கடையில் டாக்டர் சீட்டையும் காலி அட்டையையும் நீட்டினேன். அந்த பிராண்டு அங்கே இல்லை. கவுன்டரில் இருந்த பெண் பூதக்கண்ணாடி எடுத்து, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த மூலப்பெயரைப் படித்து, அதே மருந்தை எடுத்துவந்தார். பிறகு கண்ணாடியை என் பக்கம் தள்ளி, இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சைகை காட்டினார். அந்தப் பொறுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதனால் போகிறவர்கள் மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பச்சை சிலுவையைத் தேடாதீர்கள், சிவப்பு நிற 'ஏ' எழுத்துதான் மருந்துக்கடை. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112. வீடு எடுக்கும்போது முதல் மாடி என்று இருந்தால் தெருவிலிருந்து ஒரு மாடி ஏற வேண்டும் என்று பொருள், லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். வியன்னாவிலிருந்து லிஸ்பன் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது, 29 நாட்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அயர்லாந்தும் பிரிட்டனும் இதற்கு வெளியே. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கணினியே நாளை எண்ணும், பேசிச் சமாளிக்க முடியாது. விசாவுக்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அதில் இதய நோய்க்கு இடம் உண்டா என்று வரி வரியாகப் படியுங்கள், அம்மா நீங்கள் முக்கியமாக. ஆஸ்திரியா, ஜெர்மனியில் ஞாயிறு கடை மூடல், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வையுங்கள்.

* * *

ஐயா, வண்டி போகுதுன்னு எங்களுக்கும் தெரியும். நான் நடந்து ஏறணும்னு இவர்தான் பிடிவாதமா இருந்தார். அது அவர் எனக்குக் கொடுத்தது. தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க.

* * *

சார், கேட்க வேண்டாம் என்றீர்கள், கேட்கவில்லை. ஆனால் உங்கள் பதிவை இவரிடம் படித்துக் காட்டினேன். ஆல்ப் கிருமில் ராத்தங்க முடியுமா என்று கேட்கிறார். ரயில் நிற்கிற நேரத்தில் பார்த்துவிட்டு ஓடுவது எங்களுக்கு ஒத்துவராது.

* * *

முடியும் மேடம். ஸ்டேஷன் கட்டடத்திலேயே அறைகள் உண்டு. அங்கே ரோடு கிடையாது, ரயிலில்தான் போக வேண்டும். அதனால் பெரிய பெட்டியைக் கீழே எங்காவது வைத்துவிட்டு ஒரு பையோடு போங்கள். எந்த மாதம் திறந்திருக்கும் என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஏறினால் வலது பக்க ஜன்னல்.